புகைப்படத்தில் ஒரு ரிவால்வர்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் திருமயத்தைத் தாண்டும்போதெல்லாம், கோட்டை உச்சியில் தனியாக நிற்கும் பீரங்கி நினைவுக்கு வரும். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை அது. மேலே ஏறுபவர்கள் பீரங்கியின் மீது கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது எந்தக் காலத்தது, யார் வார்த்தது என்று கேட்பவர்கள் குறைவு. நம்மிடம் ஆயுதங்கள் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆயுதத்தையே உற்றுப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று கேட்கும் வழக்கம் குறைவு. கல்வெட்டையும் செப்பேட்டையும் எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கத் தெரிந்த நாம், இரும்பை மட்டும் ஏனோ ஊமை என்று விட்டுவிடுகிறோம்.

அந்தத் திருமயத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்துதான் நண்பர் அழைத்தார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. சீருடை அணிந்த ஒருவர் ஸ்டூடியோ நாற்காலியின் அருகில் நிற்கிறார். இடுப்புக்கு முன்னால், குறுக்காக, ஒரு கைத்துப்பாக்கியைப் பிடித்திருக்கிறார். வீட்டில் அவரை 'பஸ்ரா ஐயா' என்பார்கள். நண்பருடைய தாத்தாவின் அண்ணன். முதல் உலகப்போரின்போது மெசபடோமியாவுக்குப் போய்த் திரும்பாதவர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்தப் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைப்பது மூன்று தலைமுறையாக நடக்கிறது.

நண்பருடைய கேள்வி எளிமையானது. "படத்துல தேதி இல்லை. பட்டாளத்துப் பேரும் தெரியலை. அந்தத் துப்பாக்கியை வச்சு ஏதாவது சொல்ல முடியுமா? நீங்கதான் இதையெல்லாம் படிக்கிறீங்களே."

அவர் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாதவர்களுக்காக பஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1929இல் திறக்கப்பட்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுக்காக எழுப்பப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணாக மட்டும் நின்றார்கள். இந்தப் பாரபட்சத்தைப் போர்க் கல்லறைகளுக்கான காமன்வெல்த் ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நண்பர் அதைப் படித்திருக்கிறார். தம் வீட்டுப் பஸ்ரா ஐயாவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் திரட்டி எழுதி அனுப்ப வேண்டும், அத்துடன் அந்தப் படத்தையும் வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கல்லில் பெயர் இல்லாத ஒரு மனிதருக்கு இந்த உலகில் எஞ்சியிருப்பது அந்த ஒரு படம்தான்.

ஆகவே படத்தில் உள்ளது எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி, ஆயுத ஆர்வலர்களின் பொழுதுபோக்குக் கேள்வியாக இருக்கவில்லை.

பெயரில் தொடங்கும் குழப்பம்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் கையில் அடங்கும் எல்லாத் துப்பாக்கிகளையும் 'ரிவால்வர்' என்று எழுதிவிடுகிறோம். ரிவால்வர் என்பது சுழல் துப்பாக்கி. குழலுக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கும். அதன் அறைகளில் தோட்டாக்கள், பெரும்பாலும் ஆறு. ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை சுழன்று அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். தானியங்கிப் பிஸ்டலில் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகிய ஒரு பெட்டகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். உடல் தட்டையாக இருக்கும். சட்டைக்குள் மறைத்தால் வெளியே புடைக்காது.

இந்த வேறுபாடு அற்பமானதல்ல. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதை மேடையிலும் கதையிலும் சொல்லும்போது பலர் 'ரிவால்வர்' என்றே சொல்கிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். ஒரு சொல்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பாதை இருக்கிறது. அன்றைய இந்தியாவில் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் போலீஸும் ராணுவமும் வைத்திருந்த பிரிட்டிஷ் ஆயுதம். திருடியோ பறித்தோ அடையக்கூடியது. பெல்ஜியப் பிரௌனிங் என்றால் அது கடல் கடந்து வந்தது. ஐரோப்பாவிலிருந்த இந்தியப் புரட்சியாளர்கள் வாங்கி அனுப்பிய ஆயுதம் அது. 1909 டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டதும் அப்படி லண்டனிலிருந்து வந்த பிரௌனிங்கால்தான். லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்து, வாஞ்சிக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி அளித்தவர் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய வ.வே.சு. ஐயர் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. துப்பாக்கியின் பெயரைச் சரியாகச் சொன்னால் செங்கோட்டையிலிருந்து புதுச்சேரிக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் பாரீஸுக்கும் ஒரு கோடு தெரிகிறது. 'ரிவால்வர்' என்று சொன்னால் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

நண்பரின் படத்தில் இருந்தது ஐயத்துக்கு இடமின்றி ரிவால்வர். உருளை தெளிவாகத் தெரிந்தது. கைப்பிடியின் அடியில் ஒரு வளையமும், அதிலிருந்து தோளை நோக்கிச் செல்லும் கயிறும் தெரிந்தன. குதிரையிலோ ஓடும்போதோ ஆயுதம் கைநழுவி விழாதிருக்கக் கட்டும் கயிறு அது. உருளைக்கு முன்னால், குழலின் அடியில், தடித்த கீல் ஒன்று. இவை சேர்ந்தால் பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இனி, எந்த வகை, எந்தக் காலம் என்பதுதான் கேள்வி.

வெப்லியின் ஆறு அவதாரங்கள்

பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர் என்றால் நூறாண்டுக்கு முன்பு ஒரே பெயர்தான்: பர்மிங்காமைச் சேர்ந்த வெப்லி. 1887இல் அவர்களுடைய .455 அங்குல ரிவால்வரை ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதுவே மார்க் 1. தோட்டாவின் விட்டம் ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். ஈயக் குண்டின் எடை 265 கிரெயின், அதாவது சுமார் 17 கிராம். காலனிப் போர்களில் ஓடிவரும் எதிரியை நிறுத்த இவ்வளவு பெரிய குண்டு வேண்டும் என்று நம்பினார்கள்.

வெப்லியின் தனித்தன்மை அதைத் திறக்கும் விதம். மேலே உள்ள கொக்கியை விடுவித்தால் துப்பாக்கி நடுவில் மடிந்து, குழல் கீழ்நோக்கிச் சாயும். சாயும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு காலித் தோட்டா உறைகளையும் ஒருசேர வெளியே தள்ளும். பாக்குவெட்டியைத் திறப்பதுபோல ஒரு கைவாகு. படத்தில் தெரிந்த கீல் இதற்கானது.

மார்க் 1க்குப் பிறகு 1890களின் நடுவில் மார்க் 2, 1897இல் மார்க் 3, 1899இல் மார்க் 4. இந்த மார்க் 4, தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்தோடு பிணைத்துப் பேசப்படுவது. 1913 இறுதியில் மார்க் 5. புதிய புகையில்லா வெடிமருந்தைத் தாங்குவதற்காக இதன் உருளை சற்றே பருமனாக்கப்பட்டது. இந்த ஐந்து வகைகளுக்கும் வெளித்தோற்றத்தில் பொதுவான ஓர் அடையாளம் உண்டு. ராணுவத்துக்கு வழங்கப்பட்டவற்றில் பொதுவாகக் குழல் நான்கு அங்குலம். கைப்பிடி கீழே போகப்போக வளைந்து பறவையின் அலகைப்போல முடியும்.

1915 மே மாதம், உலகப்போரின் நடுவே, மார்க் 6 வந்தது. குழல் ஆறு அங்குலமாக நீண்டது. பறவை அலகு மறைந்து, அடியில் அகன்று சதுரமாக முடியும் கைப்பிடி வந்தது. மொத்த நீளம் பதினொன்றேகால் அங்குலம், எடை ஒரு கிலோவுக்கும் சற்று மேல். பதுங்குகுழிகளின் ஆயுதமாக அறியப்படுவது இதுதான். தேவை பெருகியபோது வெப்லி நிறுவனத்தால் மட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், கோல்ட் நிறுவனங்களிடமிருந்தும் அதே.455 அளவில் ரிவால்வர்கள் வாங்கப்பட்டன. 1940 மார்ச் 13ஆம் தேதி லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் மைக்கேல் ஓ'ட்வையரை உத்தம் சிங் சுட்டது .455 அளவுள்ள ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வரால். பேரரசின் படைக்குரிய அளவில் செய்யப்பட்ட ஆயுதத்தாலேயே பஞ்சாபின் முன்னாள் கவர்னர் வீழ்ந்தார்.

நண்பரின் படத்தில் கைப்பிடி சதுரமாக முடிந்தது. எனவே மார்க் 1 முதல் 5 வரையிலானவற்றைத் தள்ளிவைக்கலாம். சொந்தப் பணத்தில் வாங்கிய அதிகாரிகள் வேறு வடிவக் கைப்பிடி வைத்துக்கொண்டதும் உண்டு என்பதால் இது முழுமையான ஆதாரமல்ல. இருந்தாலும் மார்க் 6 என்றால் 1915க்குப் பிறகு, மெசபடோமியாவுக்கும் பொருந்திவரும். அந்த இடத்தில் நண்பரின் முகம் மலர்ந்தது. நானும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

இடுப்புப் பட்டை என்ற அளவுகோல்

நிறுத்தவிடாமல் செய்தது ஒரு சிறு உறுத்தல். மார்க் 6 பெரிய ஆயுதம். படத்தில் இருப்பது அந்த மனிதரின் கைக்குள் அடக்கமாகத் தெரிந்தது. அவர் கை பெரியதாக இருக்கலாம். ஆகவே கையை அளவுகோலாகக் கொள்ள முடியாது. அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருள் அதே தளத்தில் இருக்க வேண்டும். இருந்தது: இடுப்புப் பட்டை. துப்பாக்கி ஏறக்குறைய அந்தப் பட்டையை ஒட்டியே பிடிக்கப்பட்டிருந்தது.

பிரிட்டிஷ், இந்திய ராணுவங்களின் துணிப் பட்டைகள் குறிப்பிட்ட ஆண்டுகளின் பெயரால் அழைக்கப்படுகின்றன. 1908ஆம் ஆண்டு வகையில் இடுப்புப் பட்டை மூன்று அங்குல அகலம். 1937ஆம் ஆண்டு வகையில் இரண்டேகால் அங்குலம். படத்தைப் பெரிதாக்கி அளந்து பார்த்தோம். துப்பாக்கியின் மொத்த நீளம் பட்டை அகலத்தைப்போல் நாலரை மடங்கு.

பட்டை பழைய மூன்று அங்குல வகை என்று வைத்துக்கொண்டால் துப்பாக்கியின் நீளம் பதின்மூன்றரை அங்குலம் ஆகிவிடும். அவ்வளவு நீளமான ராணுவ வெப்லி கிடையாது. பட்டை இரண்டேகால் அங்குலம் என்றால் துப்பாக்கி பத்து அங்குலத்துக்குச் சற்று மேல். மார்க் 6 என்றால் ஐந்து மடங்கு இருந்திருக்க வேண்டும். நாலரை மடங்கு என்பது வேறொரு ரிவால்வரைச் சுட்டுகிறது: மொத்த நீளம் பத்தேகால் அங்குலம் கொண்ட என்ஃபீல்டு நெ. 2.

என்ஃபீல்டின் கதையையும் சொல்ல வேண்டும். போர் முடிந்தபின், .455இன் உதைப்பு அதிகம், குறைந்த பயிற்சியில் ஒரு சிப்பாயால் அதைக் கட்டுப்படுத்த முடிவதில்லை என்று ராணுவம் உணர்ந்தது. .38 அளவில், 200 கிரெயின் குண்டுடன், சிறிய ரிவால்வர் ஒன்றைக் கேட்டது. வெப்லி தன் வடிவமைப்பைக் கொடுத்தது. அரசு அதை வாங்கிக்கொண்டு, தன் சொந்த ஆயுதச்சாலையான என்ஃபீல்டில் ஏறக்குறைய அதேபோன்ற ஒன்றைச் செய்து, 1932இல் நெ. 2 மார்க் 1 என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. வெப்லி வழக்குத் தொடுத்து 2,250 பவுண்டு கேட்டது. வடிவமைத்தவர் எங்கள் கேப்டன் பாய்ஸ்தான் என்று என்ஃபீல்டு வாதிட, கோரிக்கை தள்ளுபடியாயிற்று. பின்னர் கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் 1,250 பவுண்டு கொடுத்துச் சமாதானப்படுத்தியது. ஆகவேதான் என்ஃபீல்டைப் பார்த்தால் சிறுத்துப்போன மார்க் 6 போலவே இருக்கும். எடை முக்கால் கிலோதான். புகைப்படத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது மிக எளிது. நான் குழப்பிக்கொண்டதும் அதனால்தான்.

இரண்டாம் உலகப்போரில் என்ஃபீல்டும் போதவில்லை. வெப்லியின் சொந்த .38 மார்க் 4 ரிவால்வர்களையும் ராணுவம் வாங்கியது. வெளிப்பூச்சை மெருகேற்ற நேரமில்லை; தங்கள் பெயர் கெட்டுவிடக்கூடாதே என்று வெப்லிக்காரர்கள் அவற்றின்மீது 'வார் ஃபினிஷ்' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். என்ஃபீல்டுக்கான உதிரி பாகங்களை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கிலிருந்த சிங்கர் தையல் இயந்திர ஆலை செய்து கொடுத்தது, அவற்றில் 'எஸ்.எஸ்.எம்.' என்ற எழுத்துகளைக் காணலாம். நம் பாட்டிமார் ரவிக்கை தைத்த இயந்திரத்தின் மேல் பொன்னெழுத்தில் இருக்கும் அதே பெயர்தான்.

இல்லாத கொம்பு

நீள அளவீடு ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பழைய படங்களில் கோணம் ஏமாற்றும். ஆனால் படத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. அதை நாங்கள் இருவரும் அதுவரை கவனிக்கவில்லை; அது இல்லாத ஒன்று என்பதால்.

தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் பாகத்தை நம் வழக்கில் குதிரை என்போம். பெரும்பாலான ராணுவ ரிவால்வர்களில் குதிரைக்குப் பின்புறம் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அதை இழுத்து நிறுத்திவிட்டு, நிதானமாகக் குறிபார்த்து விசையை அழுத்தலாம். வெப்லி மார்க் 1 முதல் 6 வரை எல்லாவற்றிலும் அந்தக் கொம்பு உண்டு. தொடக்கத்தில் வந்த என்ஃபீல்டிலும் உண்டு. ஆனால் டாங்கிப் படையினர் புகார் சொன்னார்கள்: குறுகிய வாயில்களில் ஏறி இறங்கும்போது கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்கிறது. ஆகவே 1938இல் கொம்பை நீக்கிவிட்டு, விசையை அழுத்தினால் மட்டுமே குதிரை எழும்பித் தட்டும் வகையைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் நெ. 2 மார்க் 1 நட்சத்திரம். பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. பழைய மார்க் 1களும் பழுதுபார்ப்புக்கு வரும்போதெல்லாம் இப்படி மாற்றப்பட்டன. அதனால் இன்று கொம்புள்ள பழைய என்ஃபீல்டு கிடைப்பது அரிது.

படத்தில் இருந்த ரிவால்வரின் பின்புறம் வழவழவென்று வளைந்து முடிந்தது. கொம்பு இல்லை.

சதுரக் கைப்பிடி, பத்தேகால் அங்குல நீளம், இரண்டேகால் அங்குலப் பட்டை, கொம்பில்லாத குதிரை. நான்கும் ஒரே திசையில் கை காட்டின. அது என்ஃபீல்டு நெ. 2 மார்க் 1 நட்சத்திரம். படம் 1938க்கு முன்பு எடுக்கப்பட்டிருக்க முடியாது. படத்தில் நிற்பவர் முதல் உலகப்போரில் இறந்தவராக இருக்க வழியில்லை.

யோசித்துப் பார்த்தால், தொடக்கத்திலேயே ஐயப்பட்டிருக்க வேண்டும். வீட்டார் சொன்னபடி பஸ்ரா ஐயா சேர்ந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில், சாதாரணச் சிப்பாயாக. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அந்தப் படையின் வேலை. 1917 பிப்ரவரி 23இல் ஷும்ரான் வளைவில் டைகிரிஸ் நதியைக் கடந்த நாளை இன்றும் அவர்கள் பெருமையாக நினைவுகூர்கிறார்கள். ஆனால் அன்றைய சிப்பாய்க்குத் தரப்பட்டது நீளத் துப்பாக்கி. ரிவால்வர், இந்தியர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஜமேதார், சுபேதார் போன்ற வைஸ்ராய் ஆணை பெற்ற அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது. படத்தில் இருப்பவர் சிப்பாயாக இருக்க வாய்ப்பு குறைவு.

கையில் கிடைத்தால்

இவ்வளவும் ஒரு படத்தை வைத்து. ஆயுதமே கையில் இருந்தால் வேலை எளிது, இரும்பு எழுத்தறிந்தது. மார்க் 6இன் உடலில் வகையின் பெயரோடு செய்த ஆண்டும் பொறித்திருக்கும். என்ஃபீல்டில் கிரீடம், ஆலையின் பெயர், வகை, ஆண்டு ஆகிய நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய ராணுவத்தின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது என்று பொருள். கோயில் மதிலில் தானம் கொடுத்தவன் பெயரையும் ஆட்சியாண்டையும் தேடுவதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை.

எல்லாவற்றையும்விட உறுதியானது வரிசை எண். பகத்சிங் 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட .32 கோல்ட் பிஸ்டல் எங்கே போயிற்று என்பது பல பத்தாண்டுகள் தெரியாமலே இருந்தது. 2016இல் அது இந்தூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக் காட்சியகத்தில், துருப்பிடிக்காதிருக்கப் பூசிய கறுப்புப் பூச்சுக்குள் இருந்தது கண்டறியப்பட்டது. பூச்சைச் சுரண்டியபோது தெரிந்த 168896 என்ற எண், வழக்கு ஆவணங்களில் இருந்த எண்ணோடு பொருந்தியது. அதன் அருகே எத்தனையோ பேர் அதுவரை நடந்துபோயிருப்பார்கள். பெயர்ப்பலகை இல்லாத ஒரு பிஸ்டலாகத்தான் அவர்கள் அதைக் கண்டிருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடைத்தால், ஆர்வத்தில் திறந்தோ துடைத்தோ பார்க்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம். உரிமம் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பாட்டனார் விட்டுப்போனது என்பது விலக்கு ஆகாது. காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை. படம் எடுத்து வைத்துக்கொண்டால் வரலாற்றுக்கு அதுவே போதும்.

அத்தை சொன்னது

நான் கண்டதை நண்பரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. அறிவு சரியாக இருக்கும் நேரத்தில் அதைச் சொல்லும் வாய் கூசுவது எனக்குப் புதிது. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக மாலை போட்டு வணங்கிய முகத்தை 'இது அவரல்ல' என்று சொல்வதற்கு, பட்டையின் அகலமும் கொம்பில்லாத குதிரையும் போதுமான அதிகாரமா?

சொன்னேன். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது யாரு?" என்றார்.

அதற்கு என்னிடம் ஓர் ஊகம் இருந்தது. இறந்தவரின் தம்பி, அதாவது நண்பரின் தாத்தா, அவரும் அதே சாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டபோதும் சாப்பர்ஸ் கலைக்கப்படவில்லை. அவர் அதிலேயே இருந்து ஜமேதாராகி, இரண்டாம் போரில் பர்மா எல்லைவரை போய்த் திரும்பியவர். 1950இல், நண்பரின் அப்பா சிறுவனாக இருந்தபோதே, நோயில் இறந்தார். நண்பர் அவரைக் கண்டதில்லை. வீட்டில் அவருக்கென்று தனிப்படம் இல்லை என்பதை அதுவரை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

கேட்பதற்கு ஒருவர்தான் மிச்சம். நண்பருடைய அத்தை. எண்பத்தைந்தைத் தாண்டியவர், புதுக்கோட்டை டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். தாத்தா இறந்தபோது அவருக்குப் பத்து, பன்னிரண்டு வயது. அவருக்குத் தந்தையின் முகம் தெரிந்திருக்க வேண்டும். படத்தை எடுத்துக்கொண்டு போனோம். நண்பர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "அத்தை, இது பஸ்ரா ஐயாவா, தாத்தாவா?"

அத்தை படத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க அப்பாருதான். உனக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்?" என்றார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. பெரியவர் பட்டாளத்துக்குப் போகும்போது படம் எடுத்துக்கொள்ளவில்லை; அந்த ஊரில் அன்று அதற்கு வழியும் இல்லை. இறந்த தகவல் கடிதமாக வந்ததே தவிர, உடலும் உடைமையும் வரவில்லை. அவர்களுடைய தாயார், அத்தைக்கு அப்பத்தா, நாள் கிழமைகளில் வெறுஞ்சுவரைப் பார்த்துத்தான் விளக்கேற்றுவாராம். கும்பிட ஒரு முகம் இல்லையே என்று அழுவாராம். இரண்டாம் போரில் விடுப்பில் வந்த தம்பி, சீருடையில் எடுத்த தன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணனும் என்னைய மாதிரிதானே இருப்பாரு, இதை வச்சுக்கும்பிடுங்க ஆத்தா" என்றாராம். உயிரோடு இருக்கும் பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதா என்று முதலில் தாயார் மறுத்திருக்கிறார். பிறகு மாலையில்லாமல் விளக்கு மட்டும் வைத்திருக்கிறார். மாலை போடத் தொடங்கியது தம்பியும் போன பிறகு. "அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அந்த மாலை. பிள்ளைக கேட்டா பஸ்ரா ஐயான்னு சொல்லச் சொல்லுவா அப்பத்தா. பேரு மறந்துரக் கூடாதுல்ல."

மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்று செல்லமாக அழைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் துப்பாக்கியை வைத்துக் கண்டுபிடித்தது தவறல்ல. படம் 1938க்குப் பிந்தையது. அதில் நிற்பவர் பஸ்ராவில் இறந்தவரல்ல. ஆனால் அந்த வீட்டார் சொல்லிவந்ததும் அறியாமையில் பிறந்த பிழை அல்ல. ஒரு தாயும் மகனும் தெரிந்தே செய்த ஏற்பாடு, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தபின் பிழைபோலத் தோற்றம் கொண்டது. ஆவணங்களைச் சரிபார்ப்பவர்கள் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்வது நல்லது. பொருள் சொல்லும் காலத்தை மனிதர்களின் நினைவு திருத்தக்கூடாது. அதுபோலவே, ஒரு பொருள் ஓரிடத்தில் ஏன் வைக்கப்பட்டது என்பதை அந்தப் பொருளை மட்டும் அளந்து சொல்லிவிட முடியாது.

ஆணையத்துக்கு நண்பர் எழுதிவிட்டார். பெரியவரின் பெயர், ஊர், படைப்பிரிவு, வீட்டார் சொல்லும் ஆண்டு ஆகியவற்றை எழுதினார். படத்தை அனுப்பவில்லை. அதே பெயரில் பதிவேடுகளில் பலர் இருப்பதால், எந்தப் பதிவு அவருடையது என்று பொருத்திப் பார்க்கும் வேலை இன்னும் நடக்கிறது. படத்தின் பின்புறம் பென்சிலால் மூன்று வரிகள் எழுதினோம்: நிற்பவர் யார், கையில் இருப்பது எந்த ரிவால்வர், யாரை நினைத்து இது இங்கே மாட்டப்பட்டது. பிறகு அதே ஆணியில் திரும்ப மாட்டினோம்.